மலர்ச்சந்தை விலைப்பதிவுகளில் மாறிகளின் வகைமாற்றம்: தோவாளை விலைப்பட்டியலை முன்வைத்து ஆர் நிரல்மொழி வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தோவாளை மலர்ச்சந்தையின் நாள்விலைப் பட்டியல் போன்ற கள ஆவணங்களைக் கணினியில் ஏற்றும்போது அவற்றின் நெடுவரிசைகள் பெரும்பாலும் எழுத்துச்சரங்களாகவே வந்துசேர்கின்றன. அவற்றுள் பலவற்றை ஒருங்கே எண்ணாகவும் காரணியாகவும் நாளாகவும் மாற்றிக்கொள்ளும் வழிகளை ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழி தருகின்றது. அம்மாற்றத்தின்போது இழக்கப்படும் மதிப்புகள் தற்செயலாக இழக்கப்படுவதில்லை. பண்டிகைக் காலத்து உச்சவிலைகளே முதலில் மறைகின்றன. இதனை எடுத்துக்காட்டுகள் வழி விளக்குவதும், தமிழ்த் தரவுகளுக்கே உரிய சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிச்சொற்கள்: தோவாளை, மலர்ச்சந்தை, ஆர் நிரல்மொழி, மாறி, வகைமாற்றம், காரணி, விடுபட்ட மதிப்பு, கொல்லம் ஆண்டு

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அண்மையில், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் தோவாளை. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்த நிலப்பகுதியே நாஞ்சில் நாடு எனப்படுகின்றது. தோவாளை என்றதும் நினைவுக்கு வருவது அதன் மலர்ச்சந்தை. பிச்சி, மல்லிகை, அரளி, கேந்தி, வாடாமல்லி, சம்பங்கி, கொழுந்து, துளசி எனப் பலவகைப் பூக்கள் இங்கு வந்து குவிந்து, உள்ளூர்த் தேவைக்குப் போக, பெருமளவில் கேரளத்திற்குச் செல்கின்றன. ஆவணி மாதத்து ஓணப் பண்டிகையே இச்சந்தையின் உச்சப் பருவம். இவ்வூரில் கட்டப்படும் மாணிக்க மாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது.

இச்சந்தையின் விலைநிலவரம் நாளிதழ்களில் தொடர்ந்து வெளிவருவதாகும். பொருளியல், சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் முதலிய துறைகளின் ஆய்வாளர்களுக்கு அது எளிதில் கிடைக்கும் முதன்மைச் சான்று. ஓணத்தையொட்டி விலை எத்தனை மடங்கு உயர்கின்றது, வரத்து எந்நாளில் மிகுகின்றது, முகூர்த்த நாள்களுக்கும் மழைக்காலத்திற்கும் விலையில் உள்ள தொடர்பு யாது என்பன போன்ற வினாக்களுக்கு அப்பட்டியலைத் தொகுத்தாலே விடை காணலாம். ஆயின் பட்டியலைத் தட்டச்சிட்டுக் கணினியில் ஏற்றுவதற்கும் முதற்கூட்டுச்சராசரியைக் கணிப்பதற்கும் இடையே ஒரு படி உள்ளது. ஒவ்வொரு நெடுவரிசையும் எவ்வகை மாறி என்பதைக் கணினிக்கு உணர்த்தும் படியே அது. ஆய்வேடுகளில் இப்படி ஒரு வரியில் கடந்துசெல்லப்படுவதே வழக்கம். பல வேளைகளில் அந்த ஒரு வரியும் இருப்பதில்லை.

இக்கட்டுரையில் வரும் விலைகளும் சுமை எண்ணிக்கைகளும் விளக்கத்திற்காக அமைத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட நாளின் சந்தை நிலவரத்தைச் சுட்டுவன அல்ல. கட்டளைப் பெயர்கள் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. கணினியில் அவற்றை உரோமன் எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

ஆர் மொழியும் மாறியின் வகையும்

ஆர் மொழி, பெல் ஆய்வகத்தில் 1976இல் ஜான் சேம்பர்ஸும் அவர் குழுவினரும் தொடங்கிய எஸ் மொழியின் வழிவந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இகாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. கட்டணமின்றிக் கிடைப்பதால் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் இது பரவியுள்ளது.

இம்மொழியில் ஒரு நெடுவரிசை முழுவதும் ஒரே வகையினதாக இருத்தல் வேண்டும். தருக்கம், முழுவெண், பதின்ம எண், எழுத்துச்சரம் என்பன அடிப்படை வகைகள். வெவ்வேறு வகை மதிப்புகள் ஒரே நெடுவரிசையில் கலந்தால், யாவற்றையும் ஏற்கவல்ல வகைக்கு அந்நெடுவரிசை முழுதும் மாற்றப்பட்டுவிடும். அவ்வகை எழுத்துச்சரமே. 300 நாள்களின் விலை இலக்கத்தில் இருந்து, ஒரே ஒரு நாளில் மட்டும் ‘வரவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தாலும், அந்த 300 விலைகளும் எழுத்துகளாகிவிடுகின்றன.

எழுத்துகளான இலக்கங்களுக்கு அளவு இல்லை. அகரவரிசை மட்டுமே உண்டு. 2, 3, 10, 12 ஆகிய நான்கும் எழுத்துச்சரங்களாக இருப்பின், இவற்றுள் பெரியது எது என்று ஆர் மொழியைக் கேட்டால் 3 என்றே விடை வரும். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதலெழுத்தைக் கொண்டே அது ஒப்பிடுகின்றது.

பல நெடுவரிசைகளை ஒருங்கே மாற்றுதல்

பட்டியலில் 20 பூக்கள் இருப்பின் 20 விலை நெடுவரிசைகள் அமையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணாக மாற்ற 20 வரிகள் எழுதுவது வீண் உழைப்பு. ஒன்று விடுபட்டாலும் தெரியாது. எனவே மாற்றவேண்டிய நெடுவரிசைகளின் பெயர்களை ஒரு தொகுதியாக அமைத்துக்கொண்டு, ‘எல்அப்ளை’ என்னும் செயற்கூற்றின் வழி ‘ஆஸ்.நியூமெரிக்’ என்னும் மாற்றியை அத்தொகுதி முழுவதன்மீதும் செலுத்தி, விளைவை அதே நெடுவரிசைகளில் மீள இடுவது அடிப்படை முறை. 2020இல் வெளிவந்த ‘டிபிளையர்’ தொகுப்பின் 1.0.0 பதிப்பு, ‘மியூட்டேட்’ கட்டளைக்குள் ‘அக்ராஸ்’ என்பதைப் பயன்படுத்தி இதையே செய்யும் வழியைத் தந்தது. ‘விலை’ என்று தொடங்கும் நெடுவரிசைகள் யாவும், எழுத்துச்சரமாக உள்ளவை யாவும் என்றவாறு நிபந்தனையால் தெரிவுசெய்யும் வசதி இதன் சிறப்பு.

இவ்விடத்தில் ‘அப்ளை’ என்னும் பெயரொத்த செயற்கூற்றைத் தவிர்ப்பது நலம். அது தரவுச்சட்டகத்தை முதலில் அணியாக மாற்றிக்கொள்கின்றது; அணியில் எல்லாக் கலங்களும் ஒரே வகையினவாக இருக்கவேண்டும் என்பதால், பூவின் பெயரோடு சேர்ந்து விலையும் எழுத்தாகிவிடும்.

மாற்றும் முறை இவ்வளவே. இதன் எளிமைதான் இடரும் ஆகின்றது. ஒரு நெடுவரிசையை மாற்றும் ஆய்வாளர் அதனைக் கண்ணால் பார்க்கிறார். 20 நெடுவரிசைகளை ஒரே வரியில் மாற்றுபவர் எதனையும் பார்ப்பதில்லை.

காற்புள்ளியில் மறையும் ஓணம்

‘ஆஸ்.நியூமெரிக்’ எண்ணாக வாசிக்க இயலாத எதனையும் ‘என்.ஏ.’ என்னும் விடுபட்ட மதிப்பாக்கிவிடும். 900 என்பதை வாசிக்கும். 1,200 என்பதை வாசிக்காது. இடையிலுள்ள காற்புள்ளியே காரணம். ஆயிரத்துக்குக் குறைந்த விலைகளில் காற்புள்ளி வருவதில்லை. ஆயிரத்தைத் தொட்டவற்றில் மட்டுமே வரும். ஆகவே மாற்றத்தில் இழக்கப்படுபவை பட்டியலின் உயர்ந்த விலைகள் மட்டுமே.

பிச்சிப்பூவின் நான்கு நாள் விலை 600, 900, 1,200, 1,500 ரூபாய் எனக் கொள்வோம். உண்மையான சராசரி 1,050 ரூபாய். காற்புள்ளியுள்ள இரண்டும் ‘என்.ஏ.’ ஆகிவிட, சராசரியைக் கணிக்கும் ஆய்வாளர் விடுபட்ட மதிப்புகளை நீக்கும்படி கட்டளையிடுகிறார். அவருக்குக் கிடைப்பது 750 ரூபாய். இவ்விடையில் ஐயுறத்தக்க எதுவும் இல்லை. பூவின் விலையாக அது இயல்பாகவே தோன்றும். ஓணத்தையொட்டி விலை உயர்ந்ததா என்பதே ஆய்வு வினாவாக இருப்பின், அவ்வினாவிற்கு விடையளிக்கும் நாள்களையே தரவிலிருந்து நீக்கிவிட்டு விடைதேடும் நிலை இதனால் உண்டாகின்றது. வகைமாற்றத்தை வெறும் தொழில்நுட்பப் படியாகக் கருத இயலாமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

விலை ஏறியிறங்கும் நாள்களில் ‘500-600’ என்று வீச்சாக எழுதும் வழக்கமும் இவ்வாறே. நிலையான விலையுள்ள நாள்கள் தப்பிக்கும். ஏற்ற இறக்கம் மிக்க நாள்கள் மறையும். பின்னர் விலை நிலையாக இருந்தது என்று முடிவு எழுதப்படக்கூடும்.

மாற்றத்தின்போது ஆர் மொழி எச்சரிக்கை ஒன்றைத் தருகின்றது: கட்டாய மாற்றத்தால் விடுபட்ட மதிப்புகள் தோன்றியுள்ளன என்பது அதன் பொருள். ‘எல்அப்ளை’ வழி மாற்றும்போது அவ்வெச்சரிக்கை எந்தப் பூவின் நெடுவரிசை, எந்த நாள் என்பதைச் சொல்வதில்லை. சிவப்பு நிறத்தில் வரும் அவ்வரியைப் பார்த்தும் பாராமல் கடந்துபோவதே பரவலான பழக்கம்.

இதனைச் சரிசெய்ய முயல்வோர், இலக்கமும் புள்ளியும் தவிர மற்றனைத்தையும் நீக்கிவிடும் கட்டளையை எழுதுவதுண்டு. தமிழ்ப் பட்டியல்களில் இது புதிய பிழைக்கு வழிவகுக்கும். ‘ரூ.500’ என்பதில் ‘ரூ’ நீங்கினாலும் சுருக்கக்குறியின் புள்ளி எஞ்சும்; .500 என்பது அரை ரூபாயாக வாசிக்கப்படும். ‘500-600’ என்பதோ இடைக்கோடு நீங்கி, 5 இலட்சத்து 600 ஆகிவிடும். எனவே ‘ரூ.’ என்பதைப் புள்ளியோடு சேர்த்து முதலில் நீக்குவதும், பின் காற்புள்ளியை நீக்குவதும், வீச்சாக உள்ளவற்றைக் குறைந்த விலை, உயர்ந்த விலை என இரு நெடுவரிசைகளாகப் பிரிப்பதும் முறையாகும். இவ்வொழுங்கை ஒரு செயற்கூறாக எழுதிக்கொண்டால், அதனையே எல்லா விலை நெடுவரிசைகளின்மீதும் ஒருங்கே செலுத்தலாம்.

மாற்றத்திற்கு முன் எழுத்து இருந்து, மாற்றத்திற்குப் பின் ‘என்.ஏ.’ ஆன கலங்களை மட்டும் தனியே திரட்டிப் பார்ப்பது தவறாத சோதனை. அதற்கு மூல நெடுவரிசைகளின் படியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

காரணி வகையின் மறைகுறி

ஆர் மொழியில் ‘ஃபாக்டர்’ எனப்படும் காரணி, பூவின் பெயர், பருவம், வாரநாள் போன்ற வகைப்பாட்டு மாறிகளுக்கு உரியது. வெளியே எழுத்துபோல் தோன்றினும், உள்ளே அது 1, 2, 3 என்னும் முழுவெண் குறிகளாகவே சேமிக்கப்படுகின்றது. 2020 ஏப்ரலில் 4.0.0 பதிப்பு வெளிவரும்வரை, கோப்பினை வாசிக்கும்போது எழுத்து நெடுவரிசைகள் யாவும் தாமாகவே காரணிகளாக மாற்றப்பட்டன. அப்பதிப்பிலிருந்து அவ்வியல்பு கைவிடப்பட்டது. எனினும் பழைய பாடக்குறிப்புகளும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும் பழைய நிரல்களும், அக்காலத்தில் சேமிக்கப்பட்ட தரவுகளும் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

கேந்திப்பூவின் வரத்து மூட்டைக் கணக்கில் பதியப்பட்டுள்ளதாகக் கொள்வோம். ஓணத்திற்கு முந்தைய இரு நாள்களில் 2, 3. ஓணத்தையொட்டிய இரு நாள்களில் 10, 12. மற்றொரு நாளில் ‘வரவில்லை’. இந்நெடுவரிசை காரணியாக இருந்து, அதனை ‘ஆஸ்.நியூமெரிக்’ வழி நேரே எண்ணாக்கினால், மூல மதிப்புகள் வாரா. அகரவரிசையில் அமைந்த உட்குறிகளே வரும். 10 என்பது 1 ஆகும். 12 என்பது 2 ஆகும். 2 என்பது 3 ஆகும். 3 என்பது 4 ஆகும். இறுதியில் நிற்கும் ‘வரவில்லை’ 5 ஆகும். ஓண நாள்களில் வரத்து குறைந்ததாகவும், பூவே வராத நாளில் மிகுதியாக வந்ததாகவும் அட்டவணை காட்டும். இம்மாற்றத்திற்கு எச்சரிக்கை எதுவும் வருவதில்லை.

பிச்சிப்பூ கிலோ 3 ரூபாய் என்று விடை வந்தால் எவரும் திடுக்கிடுவர். மூட்டைக் கணக்கில் 3 என்று வந்தால் எவரும் திடுக்கிடுவதில்லை. பல நெடுவரிசைகளை ஒருங்கே மாற்றும்போது, சிறிய எண்களைக் கொண்ட நெடுவரிசைகளிலேயே இப்பிழை ஒளிந்துகொள்ளும். காரணியை முதலில் எழுத்துச்சரமாக்கி, அதன்பின் எண்ணாக்குவதே இதற்குரிய வழி. ‘வரவில்லை’ என்பதற்கெனத் தருக்கவகை நெடுவரிசை ஒன்றை அதற்கு முன்பே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். பூ வராத நாளும் பதிவு விடுபட்ட நாளும் ஒன்றல்ல.

மாதப் பெயர்கள் காரணியாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் வரிசையை ஆய்வாளரே கொடுக்க வேண்டும். கொடாவிடின் வரைபடத்தில் மாதங்கள் அகரவரிசையில் நிற்கும். சித்திரையில் தொடங்குவதா, கொல்லம் ஆண்டு முறைப்படி ஆவணியில் தொடங்குவதா என்பது ஆய்வு வினாவைப் பொறுத்தது. ஓண விற்பனையைப் பற்றிய ஆய்வுக்கு ஆடியை நடுவில் வைத்துத் தொடங்கும் வரிசையே விலையேற்றத்தைத் தெளிவாகக் காட்டும் என்று கூறலாம்.

தமிழ் எழுத்தால் விளையும் சிக்கல்கள்

‘ஆம்’, ‘இல்லை’ என்று நிரப்பப்பட்ட வினாநிரல் நெடுவரிசைகளைத் தருக்கவகைக்கு மாற்ற ‘ஆஸ்.லாஜிக்கல்’ என்னும் மாற்றியைப் பயன்படுத்தினால், எல்லாக் கலங்களும் ‘என்.ஏ.’ ஆகும், இங்கும் எச்சரிக்கை இல்லை. அம்மாற்றி ஆங்கிலத்தில் மெய், பொய் எனப் பொருள்படும் சில வடிவங்களை மட்டுமே அறியும். கலத்தின் மதிப்பு ‘ஆம்’ என்பதற்குச் சமமா என்று ஒப்பிட்டுப் பெறுவதே சரியான வழி.

தமிழ் எண்களின் நிலையும் இதுவே. ௧௨ என்பதை ஆர் எண்ணாக வாசிப்பதில்லை. ‘சார்ட்டிஆர்’ என்னும் எழுத்துமாற்றுக் கட்டளையால் ௦ முதல் ௯ வரையிலான பத்து உருக்களையும் மாற்றிவிடலாம். ஆனால் பழைய ஆவணங்களில் பயிலும் ௰, ௱, ௲ ஆகிய பத்து, நூறு, ஆயிரக் குறிகளுக்கு இது போதாது. ௨௱௩௰ என்பதை 230 எனக் கொள்ள, குறிகளைப் பெருக்கியும் கூட்டியும் கணிக்கும் தனிச்செயற்கூறு வேண்டும்.

கண்ணுக்கே புலப்படாத சிக்கல் ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் ‘ொ’ என்னும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ‘ெ’, ‘ா’ என்னும் இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் பதியலாம். ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றொருவர் வேறொன்றிலும் தட்டச்சிட்ட ‘கொழுந்து’ திரையில் ஒன்றாகவே தோன்றும். காரணியாக மாற்றும்போது இரண்டு பூக்களாகிவிடும். கொழுந்தின் வரத்து பாதியாகக் குறைந்ததாக அட்டவணை சொல்லும். ‘ஸ்ட்ரிங்கி’ தொகுப்பில் உள்ள ஒருங்குறி இயல்பாக்கச் செயற்கூற்றைக் காரணியாக்குவதற்கு முன் எல்லா எழுத்து நெடுவரிசைகளின்மீதும் செலுத்தினால் இது தீரும். செவ்வந்தி, செவந்தி என்னும் எழுத்து வேறுபாட்டை எந்தச் செயற்கூறும் தீர்க்காது. அதற்கு ஆய்வாளரின் முடிவு வேண்டும். மொழியியல் ஆய்வாளர்க்கு அவ்வேறுபாடே தரவாகவும் அமையலாம்.

நாள்கள்

‘05-09-2023’ என்று நாள், மாதம், ஆண்டு வரிசையில் எழுதுவதே நம் வழக்கம். வடிவத்தைக் குறிப்பிடாமல் ‘ஆஸ்.டேட்’ என்னும் மாற்றியிடம் இதனைக் கொடுத்தால், முதலில் நிற்பதை ஆண்டாகக் கொண்டு, கி.பி. 5ஆம் ஆண்டு செப்டம்பர் 20 என்று வாசித்துவிடும். பிழைச்செய்தி வாராது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் வேறொரு இடர்: 69 முதல் 99 வரை 1900களாகவும், 00 முதல் 68 வரை 2000களாகவும் கொள்ளப்படும். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்த 01-11-56 என்னும் நாள், 2056ஆம் ஆண்டிற்குச் சென்றுவிடும்.

அவ்விணைப்பிற்கு முன் இப்பகுதி திருவிதாங்கூரின்கீழ் இருந்தமையால், நாஞ்சில் நாட்டின் பழைய ஆவணங்கள் கொல்லம் ஆண்டையே கொண்டுள்ளன. தோவாளை வட்டத்து அழகியபாண்டியபுரத்தில் கிடைத்த முதலியார் ஓலைகள் இதற்கு அறியப்பட்ட சான்று. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கின்றது. எனவே ஆவணி முதல் மார்கழியின் முற்பகுதிவரை 824ஐயும், ஆங்கில ஆண்டு பிறந்தபின் 825ஐயும் கூட்டினாலன்றிக் கி.பி. ஆண்டு கிடைக்காது. 1956 நவம்பர் 1 என்பது கொல்லம் 1132 ஐப்பசி. மார்கழி என்று மட்டும் இருந்து தேதி இல்லாத ஆவணத்திற்கு ஒற்றை விடை இல்லை. இத்தகைய நெடுவரிசையை நாள்வகைக்கு மாற்றினால் ஆர் மறுப்பதில்லை என்பதே சிக்கல். 1132ஐ அது கி.பி. 1132 என்றே ஏற்றுக்கொள்ளும். ஆகையால் மூலக் குறிப்பை எழுத்துச்சரமாகவும், கணித்த கி.பி. ஆண்டை முழுவெண்ணாகவும், ஐயமுள்ளதா என்பதைத் தருக்கவகையாகவும் மூன்று நெடுவரிசைகளில் வைப்பது பொருந்தும்.

நில ஆவணங்களின் புல எண்ணை எவ்வகையிலும் மாற்றலாகாது. 12/3 என்னும் உட்பிரிவு எண்ணை விரிதாள் மென்பொருள்கள் தாமாகவே நாளாக்கிவிடுவதுண்டு. ஆர் மொழிக்கு வருமுன்பே அது கெட்டிருக்கும். கோப்பினை வாசிக்கும்போதே நெடுவரிசைகளின் வகையைக் ‘கோல்கிளாசஸ்’ என்னும் தெரிவால் அறிவித்துவிடுவது, பின்னர் மாற்றும் தேவையையே பெரிதும் குறைக்கும்.

வகை சரியாக இருந்தும்

எல்லா விலை நெடுவரிசைகளும் பழுதின்றி எண்ணாகிவிட்டன எனக் கொள்வோம். தோவாளைப் பட்டியலில் பிச்சியும் மல்லிகையும் கிலோவிலும், தாமரை எண்ணத்திலும், ரோஜா பாக்கெட்டிலும், மாலைக்கு வைக்கும் பச்சை கட்டிலும் விலை கூறப்படுகின்றன. 500 என்பதும் 8 என்பதும் ஆர் மொழிக்கு ஒரே வகை எண்களே. அவற்றைக் கூட்டிச் சராசரி காண அது தயங்காது. அலகு என்பது வகைக்குள் அடங்குவதில்லை. பழைய ஆவணங்களின் கோட்டை, மரக்கால், நாழி ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். அவற்றின் அளவு இடத்திற்கு இடம் வேறுபட்டது. அகன்ற அட்டவணையை நீள்வடிவிற்கு மாற்றி, பூவின் பெயர், அலகு, விலை என்று மூன்று நெடுவரிசைகளாக வைத்து, முதலிரண்டையும் காரணியாகவும் மூன்றாவதை எண்ணாகவும் அமைத்தால், அலகு வாரியாகப் பிரித்தே சராசரி காணமுடியும். 20 நெடுவரிசைகளை ஒருங்கே மாற்றவேண்டிய தேவையும் அப்போது ஒரே நெடுவரிசையை மாற்றுவதாகச் சுருங்கிவிடுகின்றது.